தஞ்சை பாணியில் அரசரின் தர்பார் படம்: பலகை முதல் கண் திறப்பு வரை முழு வழிகாட்டி

தஞ்சாவூர் ஓவியம் என்றதும் எல்லோருக்கும் நினைவில் வருபவர் வெண்ணெய்க் கிருஷ்ணர். அதே பலகை, மேடு எழுப்ப சாக்பவுடரும் பிசினும் பிசைந்த அதே மக்கு, மெல்லிய தங்கத்தாளான அதே தங்கரேக்கு ஆகியவற்றைக் கொண்டு தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்களின் உருவங்களும் தீட்டப்பட்டன. அவர்களில் ஒருவரான இரண்டாம் சரபோஜி 1798இல் அரியணை ஏறினார். மறு ஆண்டே நாட்டின் நிர்வாகம் ஒப்பந்தப்படி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் வருமானத்தில் ஒரு பங்கும். ஆனால் படத்தில் சிம்மாசனத்தின் உயரம் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. பழைய சோழ மன்னர்களுக்கு அவர்கள் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி கல்லில் செய்த வேலையை, இந்த மன்னர்களுக்குப் பலகையும் தங்கமும் செய்தன.

இப்படி ஒரு தர்பார் படத்தை 18×24 அங்குலப் பலகையில் செய்து முடிப்பதற்கான வழிகாட்டி இது. மன்னர் அரியணையில் அமர்ந்திருக்கிறார், இரு பக்கமும் இரண்டு பணியாளர்கள், மேலே தோரண வளைவு. தினமும் மூன்று நான்கு மணி நேரம் வேலை செய்தால் ஏறக்குறைய முப்பது நாள் ஆகும். அதில் பாதி நாள் காய்வதற்குக் காத்திருப்பது. காத்திருப்பதில் அவசரப்பட்டால்தான் இந்த வேலையில் பெரும்பாலான தவறுகள் நடக்கும்.

பருவத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தளம் போடாதீர்கள். பிசின் காயாது, துணிக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். தை முதல் ஆனி வரை நல்ல காலம்.

பென்சிலுக்கு முன்: யார் எந்த மட்டத்தில்

சாமிப் படம் செய்து பழகியவர்கள் அரசர் படத்தில் தடுமாறும் இடம் இதுதான். சாமிப் படத்தில் எங்கு தங்கம் ஒட்டினாலும் பொருந்தும். அரசர் படத்தில் தங்கம் என்பது பதவி. பணியாளரின் இடுப்புக்கச்சில் மன்னரின் கச்சைப் போலவே மக்கு எழுப்பித் தங்கம் ஒட்டினால், பார்ப்பவர் கண்ணுக்கு அரியணையில் இருப்பவரும் பக்கத்தில் நிற்பவரும் ஒன்றாகிவிடுவார்கள். ஆகவே முதலில் ஒரு தாளில் நான்கு வகை மட்டங்களை எழுதி வையுங்கள்: உருவத்தின் அளவு, முகம் திரும்பும் திசை, மக்கின் உயரம், தங்கத்தின் பரப்பு. நான்கிலும் மன்னரே மேலே இருக்க வேண்டும்.

அளவுகள் இப்படி இருக்கட்டும். சுற்றிலும் ஓர் அங்குலம் ஓரப்பட்டை விட்டால் உள்ளே 16×22 அங்குலம் கிடைக்கும். இனி சொல்லும் உயரங்களெல்லாம் இந்த உள்கட்டத்தின் கீழ்க்கோட்டிலிருந்து அளந்தவை. மன்னரின் பாதம் 3.5 அங்குலத்தில் ஒரு பாதபீடத்தின் மேல் இருக்கும். தலைப்பாகையின் உச்சி 14.5 அங்குலத்தில். அமர்ந்த நிலையிலேயே அவர் உயரம் 11 அங்குலம் வந்துவிடுகிறது. பணியாளர்கள் 2.5 அங்குலத்தில் கால் ஊன்றி நிற்பார்கள், உயரம் 8 அங்குலம். நின்றுகொண்டிருப்பவரின் தலைப்பாகை உட்கார்ந்திருப்பவரின் தோளைத்தான் எட்டுகிறது. இயற்கைக்கு இது பொருந்தாது. இருக்கை உயரமும் பாதபீடமும் அந்தப் பொருந்தாமையைக் கண்ணில் படாமல் மறைத்துவிடும். பாதபீடத்தை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் பெரிதாக்கினால் மன்னர் பூதம் போலத் தெரிவார்.

அரியணையின் அகலம் 6.5 அங்குலம். இரு தூண்களும் உள்கட்ட ஓரத்திலிருந்து முக்கால் அங்குலம் தள்ளி, ஒவ்வொன்றும் 0.9 அங்குல அகலத்தில். மீதமுள்ள இடத்தில் பக்கத்துக்கு ஒருவராகப் பணியாளர்கள் நிற்கலாம், ஒருவர் சாமரத்தோடு, இன்னொருவர் கைகட்டி. தோரண வளைவு 14 அங்குலத்தில் தொடங்கி 18 அங்குலத்தில் உச்சியை அடையும். தலைப்பாகையின் உச்சிக்கும் வளைவுக்கும் இடையில் மூன்றரை அங்குலம் வெறுமையாகக் கிடக்கும். அங்கே தொங்குவிளக்கு, கிளி, பூமாலை என்று எதையாவது போட்டு நிரப்பக் கை துறுதுறுக்கும். நிரப்பாதீர்கள். தலையைச் சுற்றி உள்ள அந்த வெற்றிடம் எவரும் நெருங்க முடியாத இடம். நெரிசலான படத்தில் மன்னர் தனியே தெரிவது அதனால்தான்.

குடையும் வேண்டாம். வெண்கொற்றக்குடை ஊர்வலப் படத்துக்கு உரியது, யானை மேலோ குதிரை மேலோ வரும்போது அதற்கு இடம் உண்டு. இந்த அளவுப் பலகையில் வளைவையும் குடையையும் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். ஒளிவட்டமும் தேவையில்லை. ஜஹாங்கீர் காலம் முதல் முகலாயப் படங்களில் பேரரசரின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வழக்கமாயிற்று. தஞ்சை பாணியில் அந்த வேலையைத் தோரண வளைவே செய்துவிடுகிறது. கிருஷ்ணரும் ராமரும் அமர்ந்திருக்கும் அதே வளைவுக்குள் மன்னரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அதற்கு மேல் ஒரு வட்டம் மிகை.

முகத்தின் திசை: மன்னர் முக்கால் திரும்பிய நிலையில். பணியாளர் இருவரும் முழுப் பக்கவாட்டில், மன்னரை நோக்கி. மூன்று ஜோடிக் கண்களில் ஒரு ஜோடி மட்டுமே வெளியே பார்க்கிறது. பார்வையாளரைப் பார்க்கும் உரிமை மன்னர் ஒருவருக்குத்தான்.

மாதிரிக்குத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய் நேரில் பார்ப்பது நல்லது. அங்கே ஆங்கிலேயச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய சரபோஜியின் வெள்ளைப் பளிங்குச் சிலை இருக்கிறது. தலைப்பாகையின் வடிவத்தைச் சுற்றி வந்து பார்ப்பதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் பழைய தஞ்சைப் படங்கள் உள்ளன. இணையத்தில் கிடைக்கும் புதுப் படங்களை மட்டும் பார்த்து வரைந்தால் தலைப்பாகை மைசூர்ப் பாணிக்கோ ராஜஸ்தானப் பாணிக்கோ போய்விடும். முகத்தைவிடத் தலைப்பாகைதான் எந்த அரசர் என்று சொல்கிறது. தஞ்சை மராட்டியத் தலைப்பாகை மேல்நோக்கிக் கூம்பி உயர்வது. நெற்றிக்கு மேல் சர்பேச் நகை, பக்கத்தில் முத்துக் குஞ்சம்.

பலகையும் துணியும்

பழைய படங்களுக்குப் பலாப்பலகை. இன்று 12 மி.மீ. தடிமன் உள்ள, நீர் தாங்கும் பிளைவுட் போதும். மலிவான பிளைவுட்டில் உள்ளடுக்குகளுக்கு இடையே வெற்றிடம் இருக்கும். அந்த இடத்தில் விரலால் தட்டினால் சத்தம் மாறும். அப்படிப்பட்ட துண்டைத் தள்ளிவிடுங்கள், இரண்டு மழைக்காலத்தில் அது உப்பிவிடும்.

துணி, கோரா நிறக் காடா. 22×28 அங்குலத்துக்கு வெட்டி, கஞ்சி போகும்வரை வெந்நீரில் அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். கஞ்சியோடு ஒட்டினால் பசை இழைக்குள் இறங்காது, பின்னால் துணி மட்டும் தோல் உரிவது போல உரியும்.

பசைக்குப் புளியங்கொட்டை. வறுத்துத் தோல் நீக்கி அரைத்த மாவு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். கரண்டியிலிருந்து நாடா போல விழும் பதம் வந்தால் இறக்கலாம். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் ஒரு கிராம் கலக்கலாம். அது விஷம், சமையல் பாத்திரத்தையும் கரண்டியையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். இவ்வளவு மெனக்கெட முடியாதவர்கள் ஃபெவிகால் மூன்று பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு கலந்துகொள்ளலாம். இன்றைய பட்டறைகள் பலவற்றில் அதுதான் நடக்கிறது.

பலகை முழுக்கப் பசை தடவி, துணியின் நடுவை முதலில் வைத்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளினால் காற்று சிக்கிக்கொள்ளும். மிச்சமுள்ள இரண்டு அங்குலத்தைப் பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள். பின்பக்கம் முழுவதும் ஒரு தாளோ துணியோ ஒட்டியே ஆக வேண்டும். முன்பக்கம் மட்டும் ஈரம் குடித்துக் காய்ந்தால் பலகை முன்பக்கமாக வளையும், அதன் பிறகு எந்தச் சட்டமும் அதை நிமிர்த்தாது. நிழலில், சமதளத்தில் ஒரு நாள் காயட்டும்.

அடித்தளம்

கருவேலம்பிசின் 100 கிராமை 200 மி.லி. தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இந்தப் பிசின்நீர்தான் அடித்தளத்துக்கும் மக்குக்கும் தங்கத்துக்கும்.

சலித்த சாக்பவுடர் 200 கிராம், பிசின்நீர் 70 மி.லி., தண்ணீர் ஏறக்குறைய 100 மி.லி. இது நான்கு பூச்சுக்கு வரும். முதல் பூச்சு இடவலமாக, இரண்டாவது மேலிருந்து கீழாக, இப்படி மாற்றி மாற்றி. ஒவ்வொரு பூச்சும் தொட்டால் குளிர்ச்சி தெரியாத அளவுக்குக் காய்ந்த பிறகே அடுத்தது. ஈரம் உள்ளே இருக்கும் பூச்சு தொடுவதற்குச் சில்லென்று இருக்கும், கண்ணுக்குக் காய்ந்தது போலத் தெரிந்தாலும். நான்காவது காய்ந்ததும் 220 எண் உப்புத்தாள், பிறகு 400. முகக்கவசம் போட்டுக்கொண்டு தேயுங்கள்.

விரலில் வெள்ளைப் பொடி ஒட்டினால் பிசின் குறைவு. மேலே நீர்த்த பிசின்நீர் ஒரு கை தடவினால் சரியாகிவிடும். தளம் பளபளத்து, சிலந்திவலை போல வெடிப்பு விட்டால் பிசின் அதிகம். அதற்கு மேல்பூச்சு மருந்தாகாது. தேய்த்தெடுத்துவிட்டு மீண்டும் பூச வேண்டியதுதான்.

படியெடுத்தல்

கோட்டுப்படத்தை டிரேசிங் தாளில் முழு அளவில் வரைந்து முடித்த பிறகே பலகைக்கு வாருங்கள். கடையில் விற்கும் நீலக் கார்பன் தாளைத் தொடவே கூடாது. அந்த நீலம் வண்ணத்தின் வழியே மேலே கசியும், எத்தனை பூச்சு போட்டாலும் மறையாது. டிரேசிங் தாளின் பின்பக்கம் மென்மையான பென்சிலையோ காவிப்பொடியையோ தேய்த்து, முன்பக்கம் கடினப் பென்சிலால் கோட்டின் மேல் ஓட்டுங்கள். முகத்தை இப்போது படியெடுக்க வேண்டாம், ஓரக்கோடு மட்டும் போதும். மக்கு வேலையிலும் தங்க வேலையிலும் கைபட்டு அது அழுக்காகிவிடும். டிரேசிங் தாளின் நான்கு மூலையையும் பலகையின் நான்கு மூலையையும் பொருத்திக் குறி வையுங்கள், பின்னால் அதே இடத்தில் திரும்ப வைக்க உதவும்.

கல்லும் மக்கும்

மக்கு: சாக்பவுடர் இரண்டு பங்கு, பிசின்நீர் ஒரு பங்கு, அளவுக் கிண்ணத்தால். சப்பாத்தி மாவுப் பதம் வரும்வரை பிசையுங்கள், வறண்டு உதிர்ந்தால் பிசின்நீர் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். இந்தப் படத்துக்கு மொத்தம் 200 கிராம் பொடி போதும், ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிசையாதீர்கள். ஈரத்துணியில் சுற்றி வைத்தாலும் மறுநாள் அது பழைய மக்குதான், வளையாது. மெல்லிய வேலைக்கு அதே மக்கில் தண்ணீர் சேர்த்துத் தோசைமாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து தூரிகையால் வைக்கலாம்.

முதலில் கல், பிறகு அதைச் சுற்றி மக்கு. மக்கு வைத்துவிட்டு அதில் கல்லை அழுத்தினால் மக்கு பிதுங்கி ஓரம் கெடும். கல்லும் ஆழமாக உட்காராமல் சில வருடத்தில் கழன்று விழும்.

உயரங்களைப் பற்றி முன்பே சொன்னோம். இப்போது அளவோடு: சர்பேச் 4 மி.மீ., தோரண வளைவு 3, அரியணை 2.5, மன்னரின் மாலைகள் 2, அங்கியின் கரை 1. பணியாளர்களுக்கு மக்கே கிடையாது, அவர்கள் தட்டையாக வண்ணத்தில் மட்டும் இருப்பார்கள். படத்தின் மேல் பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது நிழல் விழுவது மன்னருக்கும் அவர் ஆசனத்துக்கும் மட்டும்தான்.

ஒரு தடவைக்கு ஒரு மி.மீ.க்கு மேல் வைக்காதீர்கள். மூன்று மி.மீ. வளைவை ஒரே மூச்சில் எழுப்பினால் மேல்தோல் காய்ந்து சுருங்கும்போது உள்ளே ஈரம் இருக்கும், நடுவில் நீளவாக்கில் பிளக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் ஐந்தாறு மணி நேரம். மின்விசிறியை நேராக வைக்காதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். மயிரிழை வெடிப்பு வந்தால் தோசைமாவுப் பதத்து மக்கைத் தூரிகையால் உள்ளே தள்ளித் துடைத்தால் போதும். விரல்நகம் நுழையும் அளவு வெடித்திருந்தால் அந்தத் துண்டைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

சர்பேச்சைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். மொத்த நகையும் ஓர் அங்குல உயரம்கூட இல்லை, ஆனால் முழுப் பலகையிலும் கண் முதலில் போக வேண்டிய இடம் அது. நடுவில் நீள்வட்டப் பச்சைக்கல் ஒன்று, 6×4 மி.மீ. அதற்கு மேல் இலை வடிவில் மூன்று வெள்ளைக் கற்கள், நடுவிலுள்ளது நிமிர்ந்தும் பக்கத்து இரண்டும் வெளிப்பக்கம் சாய்ந்தும். பச்சைக்கல்லின் இரு பக்கமும் கெம்பு வட்டக்கல் 3 மி.மீ. அளவில் பக்கத்துக்கு இரண்டு. கற்களை முதலில் ஒட்டாமல் கோட்டின் மேல் அடுக்கிப் பாருங்கள், கல்லுக்குக் கல் ஒரு மி.மீ. இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில்தான் மக்கு ஏறும், தங்கம் ஒட்டும். நெருக்கி வைத்தால் கற்கள் மட்டும் குவிந்து கண்ணாடித் துண்டுகள் கொட்டியது போல இருக்கும். கல்லின் கீழே பட்டாணி அளவில் நான்கில் ஒரு பங்கு கெட்டி மக்கும் ஒரு துளி ஃபெவிகாலும் வைத்து இடுக்கியால் அழுத்துங்கள். மறுநாள் சுற்றிலும் மக்குக் கயிறு: மக்கை நூல் போல உருட்டி, கல்லின் விளிம்பை அரை மி.மீ. தழுவும்படி ஒட்டவேண்டும். கல்லைப் பிடித்து நிறுத்துவது பசையைவிட இந்தத் தழுவல்தான். உச்சியில் முத்துக்கு உண்மையான மணி வேண்டாம், தோசைமாவு மக்கைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டு வைத்த புள்ளி போதும். அதற்குத் தங்கம் ஒட்டாமல் வெள்ளையாகவே விட்டுவிட வேண்டும்.

மற்ற இடங்களில் கல்லுக்கு ஒரே ஒழுங்கு. அரியணைக்கும் வளைவுக்கும் கெம்பு முதன்மை, மாலைக்கு வெள்ளை. பச்சை, சர்பேச்சிலும் கழுத்துப் பதக்கத்திலும் மட்டும். எங்கும் மூன்று நிறத்தையும் தூவினால் சர்பேச்சின் பச்சைக்கல் தன் இடத்தை இழந்துவிடும்.

தங்கரேக்கு

22 காரட் ரேக்கு வாங்குங்கள். மஞ்சள் நிறப் பித்தளைத் தாளும் அதே பளபளப்போடு கிடைக்கும், சில ஆண்டுகளில் கறுக்கும், கடலோர ஊரில் இன்னும் சீக்கிரம். சந்தேகம் இருந்தால் ஓரத் துண்டு ஒன்றை வினிகரில் பாதி நனையும்படி ஓர் இரவு விட்டுப் பாருங்கள், பித்தளை மங்கிப் பச்சை பூக்கும்.

எவ்வளவு வாங்குவது என்பதற்குக் கட்டக் காகிதத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து, தங்கம் வரும் கட்டங்களை எண்ணுங்கள். நாம் சொன்ன அமைப்பில் அது ஏறக்குறைய 110 சதுர அங்குலம் வரும். மேடு பள்ளத்துக்கும் சேதத்துக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 130 முதல் 140 சதுர அங்குலம் வாங்கினால் இடையில் கடைக்கு ஓட வேண்டாம். வேறொரு நாள் வாங்கிய ரேக்கின் சாயல் சற்று மாறியிருக்கும், வளைவில் பாதி ஒரு நிறம் பாதி ஒரு நிறம் ஆகிவிடும்.

பிசின்நீரைத் தேன் பதத்துக்குச் சுண்டவிட்டு, மக்கின் மேல் மெல்லிசாகத் தடவுங்கள். உடனே ஒட்டக் கூடாது. மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் விரலின் பின்புறத்தால் தொட்டால் இழுத்துப் பிடிக்கும், ஆனால் ஈரம் ஒட்டாது. அதுதான் நேரம். ரேக்கை வடிவத்தைவிட 2 மி.மீ. பெரிதாக வெட்டி வைத்து, உலர்ந்த பஞ்சுத்துணியால் மேட்டின் உச்சியிலிருந்து பள்ளத்துக்கு அழுத்துங்கள், பிறகு முனை மழுங்கிய மரக்குச்சியால் பள்ளங்களில் இறக்குங்கள். கல்லின் மேல் படிந்த ரேக்கை முழுதும் காய்ந்த பின் கூரான கத்தியால் கல்லின் ஓரம் வெட்டி எடுக்கலாம்.

பிசின் ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் அது ஓரத்தில் கசிந்து தங்கத்தின் மேல் ஏறிப் பழுப்புக் கறையாகும். தாமதித்தால் ரேக்கு பிடிக்காமல் மறுநாள் ஓரம் தூக்கும். மேட்டில் கிழிந்தால் பதற வேண்டாம், சிறு துண்டை மேலே வைத்து அழுத்தினால் மூட்டுத் தெரியாது. ஒட்டும்போது வியர்வைக் கை தங்கத்தில் படக் கூடாது.

ஆசையால் நடக்கும் தவறு ஒன்று உண்டு. ரேக்கு மிச்சம் இருக்கிறதே என்று பணியாளரின் சாமரப் பிடிக்கும் தலைப்பாகைக் கரைக்கும் ஒட்டிவிடுவது. மிச்சத்தை எடுத்து வையுங்கள், பழுது பார்க்கப் பயன்படும். சாமரப் பிடிக்கு மஞ்சள் காவி வண்ணம் போதும்.

வண்ணம்

போஸ்டர் வண்ணம் அல்லது அக்ரிலிக், பூசி முடித்தால் பளபளக்காத வகை. தங்கத்தின் பக்கத்தில் இன்னொரு பளபளப்பு வந்தால் இரண்டும் மங்கும். பின்னணிக்கு ஆழ்ந்த பச்சை அல்லது அடர்சிவப்பு. பின்னணி பச்சையானால் திரைச்சீலையும் திண்டும் சிவப்பு. மன்னரின் அங்கி வெள்ளை, அல்லது மிக வெளிர் ரோஜா. அடர்ந்த சூழலுக்கு நடுவில் வெள்ளை உடை முகத்துக்கு விளக்குப் பிடிக்கும். 1701இல் ஓவியர் ரிகோ வரைந்த பிரான்சின் 14ஆம் லூயி படத்தில் நீல அங்கியின் உள்பக்க வெள்ளை மென்மயிர் புரண்டு தெரிவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. 277 செ.மீ. உயரப் படம், அறுபது கடந்த அரசர், ஆனால் கண் வெள்ளையைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கும் காலுக்கும் போகிறது.

பெரிய பரப்பை இரண்டு பூச்சில் முடியுங்கள், முதல் பூச்சு நீர்த்தும் அடுத்தது கெட்டியாகவும். தங்கத்தின் ஓரத்துக்கு 2 எண் தூரிகை. பணியாளர் உடைக்கு மங்கிய நிறங்கள், வெறுங்கால்.

முகம்

அரசவைப் பட்டறைகளில் முகம் தனி வேலை. முகலாயப் பட்டறைகளில் முகத்துக்கென்றே தேர்ந்தவர்கள் இருந்தார்கள். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத்தின் வயது ஏற ஏற, அவையில் ஏற்கப்பட்ட முக மாதிரியைப் பார்த்தே ஓவியர்கள் படியெடுத்தார்கள், அதில் சுருக்கம் விழவே இல்லை. நீங்களும் முகத்தை முதலில் தனித்தாளில், அதே அளவில், மூன்று தடவையாவது வண்ணத்தில் தீட்டிப் பார்த்துவிட்டுப் பலகைக்கு வாருங்கள்.

டிரேசிங் தாளைக் குறிகளில் வைத்து முகத்தைப் படியெடுங்கள். தாடையிலிருந்து தலைப்பாகை விளிம்புவரை ஒன்றரை அங்குலம். கண்மட்டம் உள்கட்டத்தின் கீழ்க்கோட்டிலிருந்து 12.25 அங்குலம், அதாவது நடுக்கோட்டுக்குச் சற்று மேலே. தோல் நிறத்துக்கு வெள்ளை நான்கு பங்கு, மஞ்சள் காவி இரண்டு, செங்காவி ஒன்று, பழுப்பு ஒரு துளி. பணியாளருக்கு அதே கலவையில் பழுப்பைக் கூட்டினால் போதும், வேறு கலவை தொடங்கினால் முகங்கள் வேறு வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியவை போலாகும்.

தட்டையாக ஒரு பூச்சு. காய்ந்ததும் செங்காவியை மிக நீர்த்து, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் தாடையோரம், மூக்கின் ஒரு பக்கம், கண்குழி, தலைப்பாகை விளிம்பின் கீழ் ஆகிய இடங்களில் புள்ளி புள்ளியாக நிழல். ஐரோப்பியப் படங்களைப் போல ஒரு பக்கம் முழுக்க இருட்டடிக்காதீர்கள். பாதி முகம் இருட்டில் இருக்கும் மன்னரைச் சுற்றித் தட்டையான பின்னணி பொருந்தாது. முகத்தில் மக்கும் கிடையாது, தங்கமும் கிடையாது. நகையெல்லாம் எழுந்து நிற்க, முகம் மட்டும் அமைதியாகத் தட்டையாக இருப்பதில்தான் அந்தக் கம்பீரம்.

உதடு மூடியிருக்க வேண்டும், சிரிப்பின் சாயல்கூட வேண்டாம். மீசை ஒற்றை இழை ஒற்றை இழையாக, வேரிலிருந்து நுனிக்கு. கருவிழி மேல் இமையைத் தொட்டு, கீழ் இமையிலிருந்து மயிரிழை விலகி. இரண்டையும் தொட்டால் மயக்கம், இரண்டையும் தொடாவிட்டால் அச்சம் தெரியும். கண்ணின் வெள்ளைக்குத் தூய வெள்ளை கூடாது, சாம்பல் துளி கலந்த வெள்ளை.

கருவிழியை இப்போது நிரப்பாமல் விடுங்கள். முதலில் எல்லாக் கோடுகளையும் முடியுங்கள்: செங்காவியும் கறுப்பும் கலந்த அடர்நிறத்தில், 00 எண் தூரிகையால். மன்னரின் ஓரக்கோடு சற்றுத் தடித்தும் பணியாளருடையது மெலிந்தும் இருக்கட்டும். தங்கத்தின் ஓரங்களைக் கோடு இழுத்து மூடினால்தான் ரேக்கின் வெட்டு நேராகும். எல்லாம் முடிந்த நாளில், காலை வெளிச்சத்தில், கை நடுக்கம் இல்லாத நேரத்தில் கண் திறக்கலாம், அதாவது கருவிழியை நிரப்பலாம். முதலில் படத்தின் இடப்பக்கக் கண், உடனே மற்றது, இடையில் எழுந்து போகாமல். ஒரு வெளிச்சப் புள்ளி, இரண்டு கண்ணிலும் ஒரே திசையில்.

சட்டமும் வெளிச்சமும்

வார்னிஷ் வேண்டாம், அது மஞ்சளாகித் தங்கத்தை மங்கவைக்கும். தேக்குச் சட்டமும் கண்ணாடியும். கல்லின் உச்சிக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு செ.மீ. இருக்கும்படி உள்ளே மரப்பட்டி வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி கல்லில் பட்டால் பலகை விரிந்து சுருங்கும்போது கல் பெயரும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், மழைக்காலத்தில் ஈரம் இறங்கும். தூசுக்கு உலர்ந்த மெல்லிய தூரிகை மட்டும், ஈரத்துணி ஒருபோதும் கூடாது.

மாட்டும்போது சட்டத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து நாலரை அடி, மேல்பக்கம் சற்று முன்னோக்கிச் சாய்ந்து. நேர் எதிரே டியூப்லைட் இருந்தால் நான்கு மி.மீ.யும் ஒரு மி.மீ.யும் ஒன்றாகத் தெரியும், மக்கு வேலை அத்தனையும் வீண். மேலே ஒரு பக்கத்திலிருந்து 45 பாகைச் சாய்வில் மஞ்சள் விளக்கு ஒன்று போதும்.

கண்ணாடி போடுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை. படத்தைச் சுவரில் சாய்த்து, அந்த விளக்கைப் போட்டு, பத்தடி தள்ளி நின்று கண்ணை மூடித் திறந்து பாருங்கள். சர்பேச்சும் முகமும் முதலில் தெரிந்தால் சட்டக்காரரிடம் கொடுக்கலாம். தோரண வளைவு முதலில் கண்ணைப் பறித்தால், பழுப்பு வண்ணத்தைத் தேநீர் போல நீர்த்து, வளைவின் தங்கப் பள்ளங்களில் மட்டும் ஓடவிட்டு மேட்டைத் துடைத்துவிடுங்கள். ஒரு தடவை போதாவிட்டால் மறுநாள் இன்னொரு தடவை.